உப்புக் காற்றும் பழைய பாரவூர்தியும்: வாசகர் கேள்வி – பதில்

பழைய லொறிகளைப் பராமரிப்பதும் மீட்டெடுப்பதும் பற்றித் திருகோணமலை மாவட்டத்திலிருந்து இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருப்பதால், பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்கள் ஒன்றாக்கப்பட்டுள்ளன.

கிண்ணியா வாசகர்: வாப்பா ஓட்டிய பெட்போர்ட் டீசல் லொறி களப்பை அண்டிய எங்கள் வளவில் பல வருடங்களாக நிற்கிறது. எஞ்சின் அசையவே மாட்டேன் என்கிறது. உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து, கியரைப் போட்டுக் கிளச்சை விட்டால் விடுபட்டுவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

செய்ய வேண்டாம். நீண்டகாலம் நின்று இறுகிய எஞ்சினில் பெரும்பாலும் இருப்பது, சிலிண்டர்ச் சுவருக்கும் பிஸ்டன் வளையங்களுக்கும் இடையே மெல்லியதாகப் படிந்த துருதான். அதை எண்ணெயும் பொறுமையும் விடுவிக்கும். உழவு இயந்திரத்தால் இழுத்தால், அந்த விசை முழுவதும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு பிஸ்டனின் மீது இறங்கி, வளையங்களை உடைக்கும் அல்லது கொனெக்டிங் றொட்டை வளைக்கும். எண்ணெயில் ஊறவைத்தால் தீர்ந்திருக்கக்கூடிய வேலை, எஞ்சினை முழுதாகப் பிரித்துப் பாகம் தேடி அலையும் வேலையாக மாறிவிடும்.

முதலில் சம்பின் (எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியின்) அடைப்பைக் கால் சுற்றுத் தளர்த்தி, என்ன வடிகிறது என்று பாருங்கள். எண்ணெயை விட நீர் கனமானது என்பதால், உள்ளே நீர் இருந்தால் அதுவே முதலில் வரும். அப்படி வந்தால் கேஸ்கட்டோ சிலிண்டர் ஹெட்டோ போயிருக்கலாம், அல்லது மூடாத புகைக்குழாய் வழியாக மழை இறங்கியிருக்கலாம். எதுவானாலும் ஹெட்டைக் கழற்றிப் பார்க்காமல் மேலே போக முடியாது. வெறும் எண்ணெய்தான் வந்தது என்றால், இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் மெல்லிய எண்ணெயும் சமமாகக் கலந்த கலவையைச் சிறிதளவு ஊற்றி, துளைகளைத் துணியால் மூடி, இரண்டு வாரங்கள் விட்டுவிடுங்கள். இடையிடையே பார்த்து, வற்றியிருந்தால் மீண்டும் ஊற்ற வேண்டும்.

எஞ்சினைச் சுற்ற முயல்வதற்கு முன் றொக்கர் மூடியைத் திறந்து, ஒவ்வொரு வால்வையும் மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி, அது இறங்கி மீளுகிறதா என்று பாருங்கள். வழிகாட்டிக்குள் துருப்பிடித்து ஒட்டிய ஒரு வால்வு, எஞ்சின் சுற்றத் தொடங்கியதும் தன்னைத் தள்ளும் புஷ் றொட்டை வளைத்துவிடும். பலர் தவறவிடும் இடம் இது. அதன் பிறகு பிளைவீலின் பற்களில் ஒரு கம்பியை வைத்து நெம்பி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். ஸ்டார்ட்டரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

இரண்டு முழுச் சுற்று தடையின்றிச் சுற்றிய பிறகுதான் ஓட்டுவதைப் பற்றி நினைக்கலாம். இன்ஜெக்டர்களைப் பூட்டாமலே ஸ்டார்ட்டரால் சில விநாடிகள் சுற்றி ஊற்றிய எண்ணெயை வெளியேற்றுங்கள். துளைகளுக்கு மேலே முகத்தை வைத்துப் பார்க்க வேண்டாம். எஞ்சின் ஒயிலையும் வடிகட்டியையும் மாற்றுங்கள். டீசல் தாங்கியில் அடியில் தேங்கிய நீரையும், நீருக்கும் டீசலுக்கும் இடையே நுண்ணுயிர்கள் வளர்ந்து உண்டாக்கும் கறுப்புச் சேற்றையும் முற்றாக அகற்ற வேண்டும்; அந்தச் சேற்றில் ஒரு துளி பம்புக்குள் போனாலும் செலவு பெரியது. புதிய செப்பு வளையங்களுடன் இன்ஜெக்டர்களைப் பூட்டி, நிறுத்தும் இழுவைக் கம்பியை இழுத்துப் பிடித்தபடி, எண்ணெய் அமுக்கமானியின் முள் எழும்வரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிறகு டீசல் குழாய்களில் உள்ள காற்றை, டீசல் வடிகட்டியிலிருந்து தொடங்கி, பம்பு, இன்ஜெக்டர் என்ற ஒழுங்கில் வெளியேற்றுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: முதல் முறை ஓடும்போது, பம்பின் றாக் (டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் தண்டு) ஒட்டிக்கொண்டிருந்தால், டீசல் எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். சாவியைத் திருப்பி அதை நிறுத்த முடியாது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். ஆகவே காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, காற்று நுழையும் வாயை முழுதாக மூடக்கூடிய தடித்த பலகையுடன் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கையால் மூட முயலக் கூடாது.

நிலாவெளி வாசகர்: உப்பளத்துக்கு ஓடிய லேலண்ட் கொமெட் ஒன்றை வாங்கியிருக்கிறேன். சூடேறுகிறது. தேமோஸ்ரற்றைக் கழற்றி எறியும்படி மெக்கானிக் சொல்கிறார். றேடியேட்டருக்கு வீட்டுக் கிணற்று நீரைத்தான் ஊற்றுகிறோம்.

பிரச்சினை உங்கள் கடைசி வாக்கியத்தில் இருக்கலாம். நிலாவெளிக் கரையோரக் கிணறுகளில் கோடைக்காலத்தில் உவர் ஏறுகிறது என்பதைக் குடிப்பவர்கள் அறிவார்கள். றேடியேட்டருக்கும் அதே நீர்தான் போகிறது. கொதித்து ஆவியாகும் ஒவ்வொரு முறையும் உப்பும் சுண்ணமும் உள்ளேயே தங்கி, சிலிண்டரைச் சுற்றிய நீர்வழிகளில் ஓடாகப் படிகின்றன. வார்ப்பிரும்பும் பித்தளையும் ஈயப்பற்றும் ஒன்றாக இருக்கும் ஓர் அமைப்பில் உப்பு நீர் அரிப்பையும் விரைவுபடுத்துகிறது. மழைநீரை வடித்துச் சேமித்து, அல்லது காய்ச்சி வடித்த நீரை வாங்கி, பழைய எஞ்சின்களுக்குரிய கனிம வகைக் குளிரூட்டித் திரவத்துடன் கலந்து ஊற்றுங்கள். நீண்டகாலம் உழைக்கும் என்று விற்கப்படும் புதிய கரிம வகைத் திரவங்கள் ஈயப்பற்று வைத்த பழைய றேடியேட்டர்களுக்குப் பாதுகாப்பானவை அல்ல.

எஞ்சின் சூடாகும்வரை றேடியேட்டருக்கு நீர் போவதைத் தடுக்கும் வால்வுதான் தேமோஸ்ரற். அதைக் கழற்றுவது நம் நாட்டில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய வெப்பத்தை எட்டத் தாமதமாகிறது. குளிர்ந்த சிலிண்டரில் டீசல் முழுதாக எரியாமல் சுவரைக் கழுவி, எண்ணெயில் கலந்து, தேய்மானத்தைக் கூட்டுகிறது. துணைவழி உள்ள எஞ்சின்களில் நீரின் ஒரு பகுதி றேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிவருவதால், கழற்றியபின் முன்னைவிட அதிகமாகவே சூடேறுவதும் உண்டு. றேடியேட்டரின் மேல், கீழ்த் தொட்டிகளைக் கழற்றிக் குழாய்களை ஒவ்வொன்றாகக் குத்தித் துப்புரவாக்கி, எஞ்சினின் வடிகால் குமிழைத் திறந்து எதிர்த்திசையில் நீரை விட்டுக் கழுவி, புதிய தேமோஸ்ரற்றைப் பூட்டுங்கள். விசிறிப் பட்டியின் இறுக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பலகாமம் வாசகர்: எங்கள் அப்பா நெல் ஏற்றிய டாட்டா 1210 லொறியின் சில்லுகளில் லொக் ரிங் உண்டு. டயர்கள் பார்வைக்கு நல்லவை. வீட்டிலேயே கழற்றி டியூப் மாற்றலாமா?

இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளில் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது இதுதான். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம். பல துண்டுகளாலான இந்தச் சில்லில், டயரின் ஓரத்தைத் தாங்கும் பக்க வளையம், அதைத் தன் இடத்தில் பிடித்து வைத்திருக்கும் பூட்டு வளையம் (லொக் ரிங்) ஒன்றினால் மட்டுமே நிற்கிறது. சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல் என்ற சாதாரண அமுக்கத்தில் கூட அந்த வளையத்தின் மீது விழும் பக்கவாட்டு விசை பல தொன்கள். துருவினால் வளையத்தின் இருப்பிடம் அரித்திருந்தாலோ, வளையம் முழுதாக உட்காராதிருந்தாலோ, காற்று ஏற்றும்போது அது பறக்கும். எதிரே நின்றவர் பிழைப்பது அரிது.

சில்லை வண்டியிலிருந்து கழற்றுவதற்கு முன்பே, நட்டுகளைத் தொடுவதற்கும் முன்பே, வால்வின் ஊசியைக் கழற்றிக் காற்று முழுவதையும் விட்டுவிட வேண்டும். பின்புறம் இரட்டைச் சில்லு என்றால் இரண்டிலும் விட வேண்டும். பிறகு வால்வுக்குள் மெல்லிய கம்பியை விட்டு, அடைப்பு எதுவும் காற்றை உள்ளே தடுத்து வைத்திருக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். வளையங்களையும் விளிம்பையும் வெற்று உலோகம் தெரியும்வரை தேய்த்துப் பாருங்கள். வெடிப்போ, வளைவோ, ஆழமான அரிப்போ உள்ள துண்டைத் தூக்கி எறிய வேண்டும். அதை வெல்டிங் செய்வதும், சூடாக்கி நிமிர்த்துவதும் கொலைக்குச் சமம். வேறு சில்லின் வளையம் பொருந்துவதுபோலத் தோன்றினாலும் மாற்றிப் போடக் கூடாது.

காற்று ஏற்றும்போது சில்லு இரும்புக் கூண்டுக்குள் இருக்க வேண்டும். குழாய் நீளமாகவும், அதன் முனை தானே பற்றிக்கொள்வதாகவும் இருந்தால், ஏற்றுபவர் கூண்டுக்கு அப்பால் பக்கவாட்டில் நிற்க முடியும். வளையம் சரியாக உட்காரவில்லை என்று கண்டால், காற்றை முழுதாக இறக்கிவிட்டு மீண்டும் தொடங்குங்கள். அமுக்கம் இருக்கும்போது சுத்தியலால் தட்டி உட்காரவைக்கும் வழக்கம் நம் வீதியோர டயர் கடைகள் பலவற்றில் இருக்கிறது; அப்படிச் செய்யும் கடைக்குச் சில்லைக் கொண்டுபோகாதீர்கள். கூண்டு இல்லாத உங்கள் வீட்டில் செய்யலாமா என்ற கேள்விக்கு, இல்லை என்பதே பதில்.

டயர்கள் பார்வைக்கு நல்லவை என்பதை நம்ப வேண்டாம். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2316 என்றால் 2016 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டுமே இருந்தால் அது 2000 ஆம் ஆண்டுக்கு முந்திய டயர். வண்டியை வளவுக்குள் நகர்த்தவே உதவும்.

உப்புவெளி வாசகர்: 1960களின் தொடக்கத்து ஆங்கிலேய லொறி. பற்றரியை ஏற்றும் டைனமோவைக் கழற்றி, அதற்குப் பதிலாகப் புதுவகை ஓல்டனேட்டர் பூட்டினோம், உடனே எரிந்துவிட்டது. கடைக்காரர் பழுதான பொருளைத் தந்தாரா?

பற்றரியின் எந்த முனை சட்டகத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அக்காலத்து பிரித்தானிய வாகனங்கள் பலவற்றில் நேர் முனைதான் சட்டகத்துக்குப் போகும். இன்று கிடைக்கும் ஓல்டனேட்டர்கள் எதிர் முனை சட்டகத்துக்குப் போவதாகக் கொண்டு செய்யப்பட்டவை. மாறி இணைத்த கணமே அவற்றின் டயோட்டுகள் எரிந்துபோகும். கடைக்காரர் மேல் குற்றமில்லாதிருக்கலாம்.

வண்டியை எதிர் முனைக்கு மாற்றுவது கடினமல்ல. பற்றரியைத் திருப்பி இணைத்து, அம்பியர்மானியின் இரண்டு வயர்களை இடம் மாற்றினால் பெரும்பகுதி முடிந்துவிடும். விளக்குகளுக்கு முனை பற்றிக் கவலையில்லை. களச்சுற்று உள்ள ஸ்டார்ட்டர் மோட்டாரும் இரு முறையிலும் ஒரே திசையில்தான் சுற்றும். டைனமோவையே வைத்திருக்க விரும்பினால், அதன் களமுனை வயரைக் கழற்றிவிட்டு, அம்முனையைப் பற்றரியின் உயிர்முனையால் (சட்டகத்தோடு இணையாத முனையால்) ஓரிரு கணம் தொட்டு, அதன் காந்தத் திசையை மாற்ற வேண்டும். எங்கள் அபிப்பிராயம், இரவில் ஓடாத, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் மட்டும் போகும் வண்டிக்கு டைனமோவே போதும் என்பதுதான்.

மூதூர் வாசகர்: பழைய கியர்பொக்ஸுக்கு விலை கூடிய ஜீஎல் 5 எண்ணெய் நல்லதுதானே?

எல்லா இடத்திலும் இல்லை. ஜீஎல் என்பது கியர் எண்ணெயின் தரவகுப்பு. ஜீஎல் 5 எண்ணெயில் உள்ள கந்தக, பொசுபரசுச் சேர்மானங்கள் வெண்கலப் பாகங்களை மெல்ல அரிக்கக்கூடியவை. பழைய கியர்பொக்ஸின் புஷ்கள், ஒத்திசைவு வளையங்கள் முதலியன வெண்கலம். ஆகவே கியர்பொக்ஸுக்கு ஜீஎல் 4, பின் அச்சிலுள்ள ஹைப்பொயிட் (பற்சக்கரங்களின் அச்சுகள் விலகி அமைந்த) வகை டிபரன்ஷலுக்கு மட்டும் ஜீஎல் 5.

உவர்மலை வாசகர்: துருவை நீக்க மணல் பீச்சுவது சிறந்ததா? கடற்கரை மணல் இலவசமாகக் கிடைக்கிறது. எந்த மாதத்தில் நிறப்பூச்சுப் பூசலாம்?

கடற்கரை மணலைத் தொடவே வேண்டாம். அதில் இருக்கும் உப்பு, சுரண்டித் திறந்த இரும்பின் நுண்குழிகளில் தங்கி, மேலே பூசிய பூச்சுக்குள் ஈரத்தை இழுத்து, சில மாதங்களில் கொப்புளங்களாக எழும். கழுவிய ஆற்று மணலாக இருந்தாலும், உலர்ந்த சிலிக்கா மணலைப் பீச்சும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து, மாற்ற முடியாத சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. வாயில் கட்டிய துணி அதைத் தடுக்காது. கார்னெட் போன்ற மாற்றுத் துகள்களைப் பயன்படுத்தும் வேலைத்தளத்தைத் தேடுங்கள். அங்கும் சட்டகத்தையும் அச்சுகளையும் மட்டும் பீச்சக் கொடுங்கள்; கபினின் மெல்லிய தகடு அந்த வேகத்துக்கு நெளிந்துவிடும். தகட்டைக் கையால் தேய்ப்பதுதான் வழி.

நம் கரையில் நின்ற வண்டிக்குத் துருவை நீக்குவதைப் போலவே உப்பை நீக்குவதும் முக்கியம். 2004 டிசம்பர் 26 இல் கடல்நீர் ஏறிய வண்டிகளை நன்னீரால் கழுவாமல் பூசியவர்கள், அதே இடத்தில் துரு திரும்பத் திரும்ப எழுவதைக் கண்டிருப்பார்கள். பீச்சுவதற்கு முன்பு ஒரு தடவையும் பின்பு ஒரு தடவையும் அமுக்க நீரால் கழுவி, உடனே உலர்த்தி, அன்றைய தினமே துத்தநாகம் செறிந்த முதற்பூச்சைப் போட்டுவிட வேண்டும். இரட்டைச் சட்டகம் உள்ள வண்டிகளில் இரண்டு தகடுகளுக்கும் நடுவே வளரும் துரு, தடித்து விரிந்து றிவெட்டுகளையே பிடுங்கிவிடும். அப்படி வீங்கிய இடத்தைப் பிரித்துத்தான் துப்புரவாக்க முடியும். பழைய றிவெட்டுக்குப் பதிலாக, துளையைச் சீராகத் துருவி, அதற்கு இறுக்கமாகப் பொருந்தும் உயர்வலு போல்ட்டுகளைப் போடலாம். சட்டகத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடுவதும், அவற்றுக்குக் குறுக்கே வெல்டிங் செய்வதும் ஆகாது. பாரத்தைத் தாங்குவது அந்த விளிம்புகளே.

காலத்தைப் பொறுத்தவரை, வடகீழ் மழை ஓய்ந்த பின்னர், மாசி தொடக்கம் சித்திரை வரை நல்லது. அதன் பின் கச்சான் காற்று தூசியை அள்ளிக்கொண்டு வரும். அதிகாலையில் பூச வேண்டாம்; இரவில் குளிர்ந்த இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருக்கும். இரும்பின் வெப்பநிலை பனிபடு நிலையைவிட (காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட) குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலின் விதி. கதவில் உரிமையாளரின் பெயரும் ஊரும் கையால் எழுதப்பட்டிருந்தால், அந்தப் பகுதியைத் தேய்க்காமல், கழுவி, நிறமற்ற மெருகைப் பூசி விட்டுவிடுங்கள். இதைப் பலர் அழுக்கு என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். வண்டி எந்த ஊரில், யாருக்காக உழைத்தது என்பதற்கு வேறு சான்று பெரும்பாலும் இருப்பதில்லை.

குச்சவெளி வாசகி: அம்மப்பாவின் லொறியின் மரப் பெட்டி உக்கிவிட்டது. எந்த மரம் போடலாம்? மரத்துக்குப் பதிலாக இரும்புத் தகடு போடச் சொல்கிறார்கள்.

மரமே போடுங்கள், மகள். திருகோணமலையில் இருந்துகொண்டு இதற்கு வேறெங்கும் பார்க்கத் தேவையில்லை. சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் சவண்டலை மரம், ஆங்கிலேயர் காலத்து வணிகத்தில் திருகோணமலை மரம் என்ற பெயரிலேயே போனது. சென்னைக் கரையில் அலைகளைக் கடந்து ஓடிய மசூலாப் படகுகளுக்கு இங்கிருந்துதான் ஏற்றப்பட்டது. நேரான நாரும், வளைந்து கொடுக்கும் தன்மையும் உள்ள மரம் என்பதால், சட்டங்களுக்கும் பக்கப் பலகைகளுக்கும் நன்றாகப் பொருந்தும். தளத்துக்குப் பாலை உறுதியானது. ஆனால் மிகக் கனமானது, ஆணி இறங்காது, முதலில் துளை போட வேண்டும். அனுமதிப்பத்திரம் உள்ள மர ஆலையில், உலர்ந்த மரமாகப் பார்த்து வாங்குங்கள்.

தளப் பலகைகளுக்கு இடையே நீர் வடியச் சிறு இடைவெளி விடுங்கள். பெட்டியைச் சட்டகத்தோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளை இறுக்கும்போது, சட்டகத்தின் குழிவுக்குள் கட்டை வைத்து இறுக்காவிட்டால் விளிம்பு நசுங்கிவிடும். போல்ட்டுகள் துத்தநாகம் தோய்த்தவையாக இருக்கட்டும்.

மூதூர் வாசகர், இன்னொருவர்: பெட்போர்டுக்கு உதிரிப்பாகம் கிடைக்காது என்பதால் ஜப்பானிய எஞ்சின் பூட்ட நினைக்கிறேன். உங்கள் ஆலோசனை?

கிடைக்காது என்று முடிவு செய்யுமுன் இந்தியாவைப் பாருங்கள். அங்கே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் பெட்போர்ட் லொறிகளைத் தயாரித்ததால், இங்கிலாந்தை விட அருகிலேயே பாகங்கள் தேடக்கூடிய இடம் உண்டு. பிஸ்டன், லைனர், பெயரிங் போன்றவற்றைப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காமல், நுண்மானியால் அளந்து, அளவையும் எழுதி அனுப்புங்கள்.

உழைக்கும் வண்டிக்கு எஞ்சின் மாற்றுவதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் சட்டக இலக்கமும் எழுதப்பட்டிருக்கின்றன. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அங்கீகாரம் பெறாமல் எஞ்சினை மாற்றினால், பின்னர் விற்கவும் முடியாது, காப்புறுதியும் கைகொடுக்காது. அங்கீகாரத்தைப் பெற்ற பிறகே பழைய எஞ்சினை இறக்குங்கள்; இறக்கியதை இரும்புக்கு விற்காமல், சிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றி, துளைகளை அடைத்து வைத்திருங்கள்.

அதைவிடப் பெரிய விடயம் பிறேக். புதிய எஞ்சின் தரும் வேகத்துக்கு அந்த டிரம் பிறேக்குகள் செய்யப்படவில்லை. கந்தளாயிலிருந்து ஹபரணைவரை வீதி பெரும்பாலும் சமதரைதான். ஆனால் இரவில் யானை குறுக்கே நிற்கும்போது சமதரை உதவாது. டீசல் எஞ்சினில் காற்றுவழியிலிருந்து போதிய வெற்றிடம் கிடைக்காது என்பதால், பிறேக் உதவிக்கான வெற்றிடத்தைத் தனிப் பம்பு ஒன்றே உண்டாக்குகிறது. மாற்றும் எஞ்சினில் அந்தப் பம்பு இல்லையென்றால் பிறேக் மிதி கல்லாகிவிடும். எஞ்சினை நிறுத்திவிட்டு மிதியைப் பலமுறை மிதித்து, மிதித்தபடியே எஞ்சினை இயக்குங்கள். மிதி சற்றே கீழிறங்கினால் உதவி அமைப்பு வேலை செய்கிறது.

பிறேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது. 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான அறிவுரை, கடலோரத்தில் வருடம் ஒருமுறை மாற்றினாலும் மிகையில்லை. அதற்குள் எஞ்சின் ஒயில் ஒரு துளி கலந்தாலும் றபர் வளையங்கள் ஊதி, பிறேக் பிடித்தபடியே நின்றுவிடும். துருவினால் குழியான சில்லு சிலிண்டர்களுக்குத் துருப்பிடிக்காத உருக்கில் உட்குழல் போட லேத் வேலைத்தளங்களில் முடியும். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்ரஸ் இருந்திருக்கும் என்பதால், டிரம்மைத் திறந்ததும் காற்றுக் குழாயால் ஊத வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.